ஒப்பனையும் ஒப்பாரியும்

ஒப்பனை, ஒப்பாரி என்னும் இரு சொற்களையும் கரும்பலகையிலே அருகருகே எழுதினால் மாணவர் நகைப்பர். முன்னதைக் கேட்டவுடன் மணவறையும் நாடக மேடையும் நினைவுக்கு வரும். பின்னதைக் கேட்டவுடன் சாவீடு நினைவுக்கு வரும். ஆயினும் இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். ஒப்பு என்பதே இரண்டுக்கும் தாய். ஒப்பனை என்ற சொல்லுக்கு அலங்காரம் என்னும் பொருளோடு உவமை என்னும் பொருளும் அகராதியில் உண்டு. ஒப்பாரி என்பதற்கு அழுகைப் பாட்டு என்னும் பொருளோடு ஒத்தது, ஒத்தவர் என்னும் பொருள்களும் உண்டு. இறந்தவரைப் பொன்னோடு ஒப்பிட்டு, பூவோடு ஒப்பிட்டு, தேரோடு ஒப்பிட்டு அழுவதனாலே அழுகைக்கு அப்பெயர் வந்தது.

இந்தச் சொல்லாராய்ச்சியைப் பண்டிதர் வகுப்பிலே பல முறை செய்திருக்கிறேன். இதழிலே எழுத நேர்ந்ததற்குக் காரணம் வேறு. பூண்டுலோயாவிலும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களிலும் இவ்விரண்டும் ஒரே வீட்டில் ஒரே நாளில் சந்திக்கின்றன. பெண்கள் வாயினால் ஒப்புச் சொல்லி அழுகிறார்கள். அவர்கள் அழத் தொடங்குமுன்னே யாரோ ஒருவர் கையினால் ஒப்புச் செய்து வைத்திருக்கிறார். குளிப்பாட்டி, மழித்து, கண்ணையும் வாயையும் மூடி, மயிர் சீவி, இறந்த முகத்தை இருந்த முகத்துக்கு ஒத்ததாக்கி வைப்பது அவர் வேலை. வாயினால் ஒப்புச் சொன்னவர்களைத் தமிழுலகம் ஓரளவு அறியும். எங்கள் வட்டாரத்து மடக்கும்புரையிற் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) தொகுத்த 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' 1983-இல் அச்சேறியது. கையினால் ஒப்புச் செய்தவரைப் பற்றி, அவர் பெற்ற கூலியைப் பற்றி, எழுதிய நூலொன்றை நான் கண்டிலேன்.

பழந்தமிழ் நூல்களும் இவ்விடத்தில் நமக்குப் பெரிதும் உதவுவதில்லை. புறநானூற்றிலே தாழி வனையும் குயவனை விளித்துப் பாடிய பாட்டுண்டு. இறந்த வீரர்க்குத் தூய வெள்ளாடை போர்த்துவதைச் சொல்லும் பாட்டுண்டு. மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதையிலே, சுடுதல் முதலாகத் தாழியாற் கவித்தல் ஈறாக, உடலை அடக்கும் வகைகள் ஐந்தும் வரிசையாகச் சொல்லப்படுகின்றன. அடக்குமுன் அந்த உடலைத் துடைத்து வைத்தவர் யார் என்று கேட்டால் விடை கிடைப்பது அரிது. குயவனுக்காவது ஒரு விளி கிடைத்தது.

பூண்டுலோயா, நுவரெலியா மாவட்டத்திலே தலவாக்கலைக்கும் கொத்மலைக்கும் இடைப்பட்ட சிறு பட்டினம். எத்திசை நோக்கினும் தேயிலை. அருகேயுள்ள பெருந்தோட்டம் ஒன்றுக்கு டன்சினன் என்று பெயர். அது சேக்சுபியரின் 'மாக்பெத்' நாடகத்தில் வரும் மலையின் பெயர். யாரோ ஒரு துரை தன் ஊர் நினைவாக வைத்திருப்பார். நாடகத்திலே காடு மலையை நோக்கி நடந்து வந்தது. இங்கே காட்டை வெட்டி மலைமேல் தேயிலையை ஏற்றியவர்கள் தமிழ்நாட்டிலிருந்து நடந்து வந்தார்கள்.

வந்தவர்களோடு ஊரிலிருந்த தொழிற் பிரிவும் கூடவே வந்தது. தோட்டத்துக்குத் தோட்டம் நாவிதர் ஒருவர், 'டோபி' என்று வழங்கிய சலவைத் தொழிலாளர் ஒருவர், தப்படிப்போர் சிலர் இருந்தனர். நான் சிறுவனாக லயத்தில் வாழ்ந்த காலம் எழுபதுகளின் பிற்பகுதி. சாவு நேர்ந்தால் முதலில் ஆள் ஓடுவது இவர்களுடைய காம்பராவுக்குத்தான். நாவிதர் தகரப் பெட்டியோடு வருவார். முகத்தை மழித்து நகம் களைவார். தாடை தொங்காதபடி துணியாற் கட்டுவார். கால்களின் பெருவிரல்களைச் சேர்த்து முடிவார். குளிப்பாட்டியபின் திருநீறு பூசி நெற்றியிலே காசு பதிப்பார். இறந்தவர் பெண்ணாயின் உறவுப் பெண்கள் குளிப்பாட்டுவர். நாவிதரின் மனைவியார் உடனின்று தலை சீவி முடிவார். இறந்தவர் கிடந்த துணியைச் சலவைத் தொழிலாளர் எடுத்துச் செல்வார்.

அவர்களுக்குக் கூலி என்ன? மாதந்தோறும் வீட்டுக்கு வீடு கொடுக்கும் சில்லறை. சாவீட்டிலே நெற்றிக்காசு, கொஞ்சம் அரிசி, ஒரு துணி. சில தோட்டங்களில் நிருவாகம் இவர்களுக்கு 'அரைப்பேர்' போடுவதும் உண்டு. தோட்ட வழக்கிலே பேர் என்றால் செக்ரோலில் ஏறும் ஒரு நாட்கூலி. அரைப்பேர் என்றால் அதிற் பாதி. பேர் என்பதற்குப் பெயர் என்னும் பொருளும் உண்டல்லவா? அந்தப் பொருளிலும் அவருக்குக் கிடைத்தது அரைதான். எங்கள் லயத்து நாவிதரை யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. சிறுவர்களாகிய நாங்கள்கூடத் தொழிலின் பெயராலேயே அழைத்தோம், ஒருமையில் அழைத்தோம்.

அவருடைய மகன் மூன்றாம் வகுப்பில் என்னோடு ஒரே வாங்கில் இருந்தவன். தோட்டத்தில் தப்பு ஒலித்தால் அவன் முகம் மாறும். சற்று நேரத்தில் வாசலிலே ஆள் வந்து நிற்கும். தகரப் பெட்டியைத் தூக்கத் தகப்பனாருக்குத் துணை வேண்டும். வாய்பாட்டை நடுவிலே நிறுத்திவிட்டு எழுந்து போவான். ஆறாம் வகுப்புக்கு அவன் வரவில்லை. சாதி காரணமாக ஒருவர்க்கு இடையூறு விளைப்பதைக் குற்றமாக்கும் சட்டம் இந்நாட்டிலே 1957-இல் நிறைவேறிவிட்டது என்பதைப் பின்னாளிலே படித்தறிந்தேன். சட்டம் கோயில் வாசலுக்கும் தேநீர்க் கடைக்கும் வந்தது. சாவீட்டின் பின்புறத்துக்கு வருவதற்கு அதற்கு வழி தெரியவில்லை போலும்.

வழியைத் தொழிலாளரே கண்டுகொண்டனர். பிள்ளைகள் அற்றனுக்கும் கண்டிக்கும் கொழும்புக்கும் போய்ச் சலூன் வைத்தனர். கண்ணாடியும் சுழல் நாற்காலியும் வந்தபின் சாவீட்டுக்கு அழைப்பு வந்தால் வரமாட்டோம் என்றனர். அதனை ஊரார் சிலர் செருக்கு என்றார்கள். அது செருக்கன்று. விலை பேச உரிமையில்லாத வேலையை விட்டு, விலை பேசக்கூடிய வேலைக்குப் போனார்கள், அவ்வளவே.

அவர்கள் விட்டுப்போன இடத்திலே மலர்ச்சாலை வந்து அமர்ந்தது.

மலர்ச்சாலை என்னும் சொல்லைக் கேட்கும் தமிழ்நாட்டார் அதனைப் பூக்கடை என்று எண்ணுவர். சிங்களத்தில் 'மல் சாலாவ' என்பது ஈமச் சேவை நிலையத்தைக் குறிக்கும். மல் என்றால் மலர். அதனை அப்படியே தமிழாக்கி இலங்கைப் பத்திரிகைகள் மலர்ச்சாலை என்று எழுதுகின்றன. அழகிய மொழிபெயர்ப்பு என்றே சொல்வேன். உள்ளே நடப்பதை மலரால் மூடிவிடுகிறது. தோட்டத்து மக்கள் 'மல்சாலா' என்றே சொல்வர். பூதவுடல் என்று பத்திரிகை எழுதும். சடலம் என்று வைத்தியசாலை எழுதும். 'பாடி' என்று மலர்ச்சாலையார் சொல்வர். வீட்டாரோ இம்மூன்றையும் சொல்லார். குழியில் வைக்கும்வரை, 'அம்மாவக் குளிப்பாட்டியாச்சா?' 'அம்மாவுக்குச் சேல கட்டியாச்சா?' என்றுதான் கேட்பர்.

மலர்ச்சாலை தோட்டத்துக்கு வந்ததற்கு நாவிதர் விலகியது மட்டுங் காரணமன்று. பிள்ளைகள் கொழும்பிலே கடைகளில் நிற்கிறார்கள்; ஒருவன் கட்டாரில் இருப்பான். அவர்கள் வந்து முகம் பார்க்க வேண்டும். இரண்டு நாள், மூன்று நாள் உடலைக் காக்க வேண்டுமாயின் பதனிட வேண்டும். 'எம்பாம் பண்ணுதல்' என்று இதனைச் சொல்கிறார்கள். குருதி வெளியேற, இரத்தக் குழாய் வழியே போர்மலின் கலந்த நீர்மம் உட்செலுத்தப்படுகிறது. இலங்கையிலே பெட்டியைத் திறந்து வைத்து ஊரார் முகம் பார்ப்பது பெரும்பாலோரிடையே பரவிய வழக்கமாதலால், இது வசதியுள்ளோர்க்கு மட்டும் உரியதாக நின்றுவிடவில்லை. தோட்டங்களிலே மரணாதாரச் சங்கங்கள் இருக்கின்றன. மாதச் சந்தா கட்டியவர் இறந்தால் சங்கம் பணம் கொடுக்கும்; பெட்டியும் வண்டியும் பதனிடுதலும் அதிலே அடங்கும்.

இந்த வேலையின் வயது பெரிது. எகிப்தியர் உடல் பதனிட்ட முறையைக் கிரேக்க நாட்டு ஹெரொடோட்டஸ் எழுதிவைத்திருக்கிறார். வீட்டார் வந்தவுடன் தொழிலாளர் மரத்தாற் செய்து வண்ணம் தீட்டிய மாதிரி உருவங்களைக் காட்டுவார்களாம்: சிறந்தது, நடுத்தரம், மலிவு என மூன்று. வீட்டார் விலை பேசிவிட்டுப் போவார்களாம். இன்று மலர்ச்சாலையிலே படப்புத்தகத்தைப் புரட்டிப் பெட்டி தெரிந்தெடுக்கும்போது எனக்கு அந்த மர உருவங்களே நினைவுக்கு வருகின்றன. இக்காலப் பதனிடுதல் பெருகியது அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது. தூர இடத்தில் மாண்ட போர்வீரரின் உடல் வீடுபோய்ச் சேர வேண்டியிருந்தது. 1865-இல் ஆபிரகாம் லிங்கனின் உடலைப் பதனிட்டு, வாசிங்டனிலிருந்து ஸ்பிரிங்பீல்டு வரை, ஊர் ஊராக நிறுத்தி, ஏறத்தாழ இரண்டு வாரம் புகைவண்டியிற் கொண்டு சென்றனர். வழியிலே முகம் கறுத்தது. பூச்சிட்டு அதனை மறைக்க வேண்டியதாயிற்று. பதனிடுதல் ஒரு வேலை, முகம் செய்தல் வேறொரு வேலை என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

இரண்டும் வேறு என்பதை எங்கள் மலையிலே நானும் ஒரு முறை கண்டேன். என்னிடம் படித்த பெண்ணொருத்தியின் தாயார் இறந்தார். முப்பது ஆண்டுக்கு மேல் கொழுந்தெடுத்தவர். வெயிலிலும் பனியிலும் காய்ந்த கருமுகம். கூடைக்கயிறு படிந்து படிந்து உச்சியிலே மயிர் குறைந்திருக்கும். விரல் நுனிகளிலே தேயிலைச் சாறு ஊறிய கறை. அது எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாதது. பட்டினத்திலிருந்த மலர்ச்சாலை ஒன்றிலிருந்து பெட்டி வந்தது. மூடியைத் திறந்தார்கள். வெளிர் சிவப்பிலே ஒரு முகம். உதட்டிலே சாயம். கன்னத்திலே செம்மை. உச்சியிலிருந்த குறை தெரியாமல் மயிரைப் புரட்டி வாரியிருந்தார்கள். கைகளுக்கு வெள்ளைக் கையுறை. மலர்ச்சாலையார் அன்போடுதான் செய்திருக்க வேண்டும். எஞ்ஞான்றும் உழைத்துக் கறுத்த ஒருத்தியை ஒரு நாளாவது சிவப்பாக்கி அனுப்புவோம் என்று எண்ணியிருக்கலாம். ஐந்து வயதுப் பேத்தி, 'இது யாரு?' என்றாள்.

அங்கே நடந்ததை இலக்கண ஆசிரியன் கண்ணாலே பார்த்தேன். மகள் பெட்டியருகே அமர்ந்தாள், வாயைத் திறந்தாள், பாட்டு வரவில்லை. சூழ இருந்த கிழவிகளும் பேசாதிருந்தனர். ஒப்புச் சொல்வதற்கு ஒப்பிடத்தக்க பொருள் முதலில் கண்முன்னே வேண்டும். உபமேயம் இல்லாதபோது உவமை எதன்மேல் நிற்கும்?

கடைசி லயத்திலிருந்து ஒரு மூதாட்டியை அழைத்து வந்தார்கள். முன்பு சொன்ன நாவிதரின் மனைவியார் அவர். எண்பதைத் தாண்டியவர், பல ஆண்டுகளாக இவ்வேலைக்கு வராதவர். யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. தேங்காயெண்ணெயில் துணியை நனைத்துப் பூச்சைத் துடைத்தார். உச்சி மயிரை, அந்தப் பெண் வாழ்நாளெல்லாம் வாரியபடி, பின்னோக்கி வாரினார். கையுறைகளைக் கழற்றி, கறைபட்ட விரல்களை மார்பின்மேல் ஒன்றன்மேலொன்றாக வைத்தார். பின்பே அழுகை எழுந்தது. எழுந்ததென்றால், லயம் முழுவதும் எழுந்தது. மூதாட்டியார் கை கழுவிக்கொண்டு போய்விட்டார். அவர் மடியிலே யாரோ ஐந்நூறு ரூபாவைச் செருகினார்கள். அன்று அந்த வீட்டாருக்கு வந்த மலர்ச்சாலைக் கணக்கிலே கையுறைக்கும் ஒரு விலை இருந்தது.

இவ்வேலையைச் செவ்வனே செய்யும் இளைஞர் ஒருவரையும் அறிவேன். அவரும் என் பழைய மாணவரே. கொழும்பிலே ஆறாண்டு ஒரு மலர்ச்சாலையில் நின்று பழகி, இப்போது மலைநாட்டிலே தொழில் செய்கிறார். பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். மனைவி வீட்டாரிடம் தாம் வண்டி ஓட்டுவதாகச் சொல்லி வைத்திருக்கிறாராம்.

அவரிடம் ஒரு பிற்பகல் முழுவதும் பேசிக்கொண்டிருந்தேன். போர்மலின் பட்ட கருமுகம் சாம்பல் நிறமாகும். அதன்மேல் கடையில் விற்கும் வெளிர் மாவைப் பூசினால் சுண்ணாம்பு பூசிய சுவர்போல் ஆகிவிடும். ஆதலின் அவர் மூன்று நான்கு பழுப்பு நிறங்களைத் தாமே கலந்து வைத்திருக்கிறார். முதலிலே சிவப்புக் கலந்த பழுப்பை மெல்லப் பரப்பிச் சாம்பலை அடக்க வேண்டும். பின்பே முகத்தின் நிறம். குளிரறையிலிருந்து எடுத்த முகத்தில் நீர் அரும்பும்; அது அடங்கும்வரை தூரிகையைத் தொடக்கூடாது. மலர்ச்சாலை விளக்கிலே சரியாகத் தோன்றும் நிறம் லயத்தின் மங்கிய குமிழ் விளக்கிலே வேறாகத் தோன்றும். எனவே பெட்டி எங்கே வைக்கப்படும், விளக்கு எப்பக்கம் என்று முன்னரே கேட்டுக்கொள்கிறார். வாயை மூடுவதுதான் எல்லாவற்றிலும் கடினமாம். சற்று இறுக்கினால் கோபம், சற்றுத் தளர்த்தினால் வியப்பு. 'அம்மாவ அம்மாவாக் காட்டணும் சேர். வேற ஒன்னும் இல்ல வேல,' என்றார்.

எதைப் பார்த்துச் செய்வது என்று கேட்டேன். படம் கேட்பாராம். பெரும்பாலான வீடுகளில் இருப்பது ஒரே படம். அடையாள அட்டையிலுள்ள படம். இதிலே ஒரு வரலாறும் இருக்கிறது. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தினாலே குடியுரிமை இழந்த இம்மக்களிற் பலர்க்கு அது மீளக் கிடைத்தது 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்பே. ஆகவே முதியோர் பலர் அறுபதிலும் எழுபதிலும்தான் அட்டைப் படத்துக்கு முதன்முதலாக முகம் காட்டினார்கள். அரசுக்குத் தாம் இன்னார் என்று காட்டிய அப்படத்தை வைத்தே மலர்ச்சாலையிலும் அவர்கள் இன்னார் ஆகிறார்கள். படமே இல்லாத வீடும் உண்டு. அப்போது மகளை எதிரே நிற்கச் சொல்லி அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு தாயின் முகத்தைச் செய்வாராம். இந்த உத்தியை அவருக்கு எவரும் கற்பிக்கவில்லை.

இத்தனைக்கும் அவர் பெறுவது என்ன? மாதச் சம்பளம் இல்லை. உடலொன்றுக்கு இவ்வளவு என்று கூலி. தொகையைச் சொல்லக் கூசினார். இரண்டு நாட் கொழுந்துச் சம்பளத்துக்குச் சற்று மேல் என்று மட்டும் சொன்னார். கொழுந்துச் சம்பளம் நாளொன்றுக்கு 2021-இல் 1,000 ரூபாவாகவும் 2024-இல் 1,350 ரூபாவாகவும் உயர்ந்தது என்பது வாசகர் அறிந்தது. அதற்காக நடந்த போராட்டங்களையும் அறிவர். கொழுந்துக்காரியின் கூலிக்குக் கேட்கத் தொழிற்சங்கங்கள் இருக்கின்றன. இவருக்கு அதுவும் இல்லை. ஒரு கிழமையில் நான்கு உடல் வரும். அடுத்த இரு கிழமை ஒன்றும் வராது. 'வேல இல்லையேன்னு கவலப்படவும் முடியாது சேர். கவலப்பட்டா என்ன அர்த்தம்?' என்று சிரித்தார்.

அமெரிக்காவிலே பதனிடுவோர்க்கு அரச அனுமதிப்பத்திரம் வேண்டும். பெரும்பாலும் கல்லூரிப் படிப்பும் தொழில் பழகும் காலமும் உண்டு. ஆண்டு வருவாய் ஐம்பதினாயிரம் டொலரை ஒட்டி நிற்கும். ஒப்பனையை மட்டும் செய்யும் அழகுக்கலைஞரும் உளர். உயிரோடிருந்தபோது தம்மிடம் தலை வாரிக்கொண்ட மூதாட்டி இறந்தால், மலர்ச்சாலைக்குச் சென்று கடைசி முறையாக வாரிவிட்டு வருவோர் உண்டு. அவர்க்கும் உடற்கணக்கிலேதான் கூலி. அந்நாட்டு ஈமச்சேவை நெறியாளர் சங்கம் 2023-இல் வெளியிட்ட கணக்கின்படி, பதனிடுதற்கு இடைநிலைக் கட்டணம் 845 டொலர். ஆடை உடுத்தல், மயிர் சீவல், முகப்பூச்சு முதலிய மற்ற ஆயத்தங்களுக்கு 295 டொலர். தொகையைக் கண்டு நான் மலைக்கவில்லை. அங்கே விலைவாசியும் அப்படியே. கணக்கிலே அந்த வேலைக்குத் தனி வரி இருக்கிறதே, அதைத்தான் இரண்டு முறை படித்தேன்.

கூலி உயர்ந்தவுடன் இழிவு நீங்கிவிடும் என்று எண்ணுவோரும் உண்டு. அத்துணை எளிதன்று. கிரேக்க வரலாற்றாசிரியர் டயடோரஸ் எகிப்தைப் பற்றிக் கூறும் செய்தியொன்று நெஞ்சைத் தொடுவது. முதற்றர வேலைக்கு ஒரு தாலந்து வெள்ளி என்று விலையைச் சொல்லிய அவரே, உடலின் பக்கத்தைக் கீறியவன் கீறி முடித்தவுடன் ஓடிவிட வேண்டும் என்கிறார். உடனிருந்தவர்களே கல்லெறிந்து, வசைகூறித் துரத்துவார்களாம்! யப்பானிலே உடலை வீட்டார் முன்னிலையில் துடைத்து உடுத்திப் பெட்டியில் வைப்போரைப் பற்றி 2008-இல் 'ஒக்குரிபிட்டோ' என்றொரு திரைப்படம் வந்து, அடுத்த ஆண்டு பிறமொழிப் படத்துக்கான ஒஸ்கார் விருதைப் பெற்றது. கதைத் தலைவன் இசைக் கலைஞன். வேலை போய் இத்தொழிலுக்கு வருகிறான். நல்ல ஊதியம். ஆயினும் மனைவி அவன் கையைத் தொட மறுக்கிறாள். என் மாணவர் அப்படத்தைக் கைபேசியிலே பார்த்திருக்கிறார். மனைவிக்குக் காட்டினீரா என்றேன். இன்னும் இல்லை என்றார்.

தொழிலின் ஆபத்தையும் சொல்ல வேண்டும். போர்மலினின் மூலப்பொருளாகிய போர்மல்டிகைட்டு மனிதர்க்குப் புற்றுநோய் விளைப்பது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004-இல் தீர்மானித்தது. நல்ல காற்றோட்டமும் முகமூடியும் கையுறையும் இன்றி அதனருகே நிற்றலாகாது. என் மாணவருக்குக் கண் எரிகிறது, இருமல் இருக்கிறது. கையுறையை அவர் தம் காசிலே வாங்குகிறார். இறந்தவர் கைக்கு உறை போடும் மலர்ச்சாலை இருப்பவர் கைக்குப் போடுவதில்லை.

இவ்வேலை ஒரு வீட்டுக்கு எத்துணை வேண்டியது என்பதை அது கிடைக்காமற் போன நாட்களே காட்டின. 2014 ஒக்டோபர் 29-ஆந் திகதி காலையிலே கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தது. பல உடல்கள் மண்ணுள்ளேயே தங்கிவிட்டன. துடைத்து வைக்க முகமே கிடைக்கவில்லை. 2020-இல் பெருந்தொற்று வந்தபோது உடல் இருந்தது, தொட இயலவில்லை. அந்த ஏப்பிரலிலே கட்டாயத் தகனம் விதிக்கப்பட்டது. குளிப்பாட்டலும் உடுத்தலும் நின்றன. அடக்கம் செய்ய அனுமதி வந்தது 2021 பெப்ரவரி இறுதியிலே. இசுலாமிய அன்பர்கள் பட்ட துயர் பெரிது, உலகமறிந்தது. எம் தோட்டத்து மக்களும் அந்நாட்களிலே மூடிய பெட்டியைப் பார்த்தே அழுதனர். அப்படி அழுத வீடொன்றில், தாயார் இறந்து ஓராண்டு கழிந்த திவசத்தன்று, அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கி மணையில் வைத்து, அதன் நெற்றியிலே திருநீறு பூசி, அதன்பின் முதல் நாள் அழுகையை அழுதார்கள். நான் போயிருந்தேன்.

எங்கள் பகுதி மரணாதாரச் சங்கத்தின் கூட்டத்திலே இவற்றையெல்லாம் எடுத்துச் சொன்னேன். சங்கம் கட்டும் கணக்கிலே பெட்டி, வண்டி, பதனிடுதல், பந்தல், மலர்வளையம் என்று வரிகள் இருக்கின்றன. முகம் செய்தவருக்கு வரி இல்லை. அவருக்குரியதை மலர்ச்சாலை கொடுக்கும் என்று விட்டுவிடாமல், சங்கமே நேராக அவர் கையிற் கொடுக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. பொருளாளர் எதிர்த்தார். மலர்ச்சாலைக்கு ஏற்கனவே கொடுக்கும் பணத்தில் அது அடங்கியிருக்கிறது, இரட்டைச் செலவு ஆகிறது என்பது அவர் வாதம். அது முழுதும் தவறென்று சொல்ல முடியாது. மற்றொருவர் எழுந்து, பழைய நெற்றிக்காசைத் திரும்பக் கொண்டுவருகிறீர்களா வாத்தியாரையா என்றார். நெற்றிக்காசை யாரும் பற்றுச்சீட்டு எழுதிக் கொடுத்ததில்லை என்று விடை கூறினேன். கூட்டத்திலே இருந்த பெண்களிற் பலர், வெளுத்த முகத்தோடு பெட்டி வந்த வீடுகளைப் பெயர் சொல்லி எண்ணத் தொடங்கினர். அதன்பின் எதிர்ப்பு தணிந்தது.

அறிக்கைப் புத்தகத்தில் அவரை என்னவென்று எழுதுவது என்பதில் அரை மணி நேரம் போயிற்று. பழைய சாதிப் பெயரைச் சொன்ன ஒருவரைத் தலைவர் அடக்கினார். 'பாடி மேக்கப்காரர்' என்றார் ஓர் இளைஞர். ஒப்பனையாளர் என்று எழுதும்படி சொன்னேன். செயலாளர் எழுத்துக்கூட்டிக் கேட்டு எழுதிக்கொண்டார். இரண்டு நாட் கொழுந்துச் சம்பளமும், ஒரு சோடிக் கையுறை, ஒரு முகமூடியின் விலையும். ஓராண்டுக்குப் பரீட்சார்த்தமாக நடத்துவதென்று முடிவாயிற்று. இதுவரை மூன்று பேருக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது. மூவரில் ஒருவர் பெண். கடைசி லயத்து மூதாட்டியாரின் பேர்த்தி. பெட்டியின் விலையைக் குறைப்பது பற்றி அடுத்த கூட்டத்திலே பேச வேண்டும்.